பிள்ளை வரமுன் வீடு சூடாக வேண்டும்

2012 ஜூன் 23, சனி

விடிய மழை. பிறகு காற்று. காஸ் ஹீற்றரைச் சோதிக்க ஆள் வந்தான். முன்பக்கத் தகட்டைக் கழற்றி, கையில் இருந்த சின்ன மெஷினைக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். காஸை மூடிவிட்டு ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினான். புகை வெளியே போகாமல் அறைக்குள் வருகிறதாம். மணமில்லாத நஞ்சாம். இதைப் போட்டுவிட்டு நித்திரை கொள்கிறாயா என்று கேட்டான். காஸ் பில்லுக்குப் பயந்து இரண்டு குளிர்காலமாக நான் அதைப் போடுவதே இல்லை என்று சொல்ல வெட்கம். தலையை ஆட்டினேன்.

எனக்கென்றால் காரியமில்லை. ஜக்கெற்றோடு படுத்துப் பழகிவிட்டது. ஆனால் மனைவி ஜெசியும் மகள் அனிற்றாவும் வர இன்னும் மூன்று கிழமை இல்லை. விசா வந்து, ரிக்கெற்றும் போட்டாயிற்று. மன்னார் பேசாலை வெயிலில் இருந்து நேரே, ஜூலையில் குளிர்காலம் நடக்கிற இந்த ஊருக்கு, இந்தப் பலகை வீட்டுக்கு.

வீட்டுக்காரர் சுந்தர் அண்ணாவுக்கு ஃபோன் அடித்தேன். கோயம்புத்தூர்க்காரர், கிளென் வேவர்லியில் இருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்". புது காஸ் ஹீற்றர் இந்த வருடம் முடியாது என்றார். சூடாக்க நானே ஒரு ஏசி பூட்டினால் தனக்கு ஆட்சேபணை இல்லையாம். "செவுத்துல ஓட்டை போடுறது மட்டும் நீட்டா இருக்கணும் அருள். அப்புறம் நீங்க காலி பண்றப்ப அதைக் கழட்டக் கூடாது."

செய்ய வேண்டியவை: சின்னக் கட்டில். தடித்த திரைச்சீலை. ஜன்னல் இடுக்குக்கு ஒட்டுகிற ரேப். பிள்ளைக்குச் சப்பாத்து (அளவு கேட்க வேண்டும்). ஹீற்றர்.

ஜூன் 25, திங்கள்

தெளிந்த வானம், அதனால் கூடக் குளிர். வேலையில் நாள் முழுக்கப் பனிக்கட்டி அறை. டண்டினொங்கில் இத்தனை வேலைத்தலங்கள் இருக்க எனக்கு வாய்த்தது குளிர்க்களஞ்சியம். இறாலும் கோழியும் அடுக்குகிறேன். வெளியே வந்தால் வெளிக்காற்று சூடாகத் தெரிகிறது. வீட்டுக்குப் போனால் திரும்பக் களஞ்சியம்.

தேநீர் நேரத்தில் யோகன் அண்ணையைப் பிடித்தேன். எங்கள் களஞ்சியத்தின் குளிரூட்டும் மெஷின்களைத் திருத்த வருகிறவர். யாழ்ப்பாணத்தார், லைசன்ஸ் உள்ளவர். புது ஏசிக்கு என்னிடம் வழி இல்லை, பழையது எடுத்தால் பூட்டித் தருவீங்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஓம் என்றார். கூலி வேண்டாமாம். ஆனால் சனி, ஞாயிறில்தான் வர முடியும். சில ஏசி குளிர் மட்டும்தான் தரும், சூடும் தருகிற வகைதான் வேண்டும் என்று விளங்கப்படுத்தினார்.

"ஓடுற மெஷினைப் பார். சூடு வருதோ எண்டு கையை வைச்சுப் பார். கழட்டிக் கிடக்கிறதை வாங்காத. கழட்டுறதும் நான்தான் கழட்டுவன்."

வீட்டுக்கு வந்து சோறு காய்ச்சவில்லை. பாண், ரின் மீன். கால் விறைப்பு போகவில்லை.

ஜூன் 27, புதன்

தூறல். வேலை முடிந்து பழைய சாமான் கடை. வாசலில் வரிசையாகச் சலவை மெஷின்கள், பின்னுக்கு இரண்டு ஏசி. ஒன்று குளிர் மட்டும். மற்றதன் வெளிப்பெட்டி ஒரு கொம்பனி, உட்பெட்டி வேறு கொம்பனி. கடைக்காரன் எல்லாம் ஒன்றுதான் என்றான். எனக்கே சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான்.

கட்டில் மட்டும் எடுத்தேன். ரோஸ் நிறம். கார் கூரையில் கட்டிக்கொண்டு வரும்போது கயிறு தளர்ந்து வழியில் இரண்டு முறை இறங்க வேண்டியிருந்தது.

ஜூன் 30, சனி

வெரிபீக்குப் போய் வந்தேன். நகரத்தின் இந்த முனையில் இருந்து அந்த முனை. பாலத்தில் நெரிசல். புதுக் குடியிருப்பு, எல்லா வீடும் ஒரே மாதிரி. முகவரியைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம்.

விளம்பரத்தில் நல்ல நிலை என்று போட்டிருந்தான். போனால் மெஷின் கராஜில், துண்டு துண்டாக. வீடு முழுவதற்கும் வேறு சூடாக்கி போட்டுவிட்டார்களாம். செப்புக் குழாய்கள் வெட்டினபடி, வாய் திறந்து கிடந்தன. ஓட்டிக் காட்ட வழியில்லை. அங்கிருந்தே யோகன் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

"பைப் வாய் திறந்தோ கிடக்கு? அப்ப ஈரம் உள்ளுக்குப் போயிருக்கும். விட்டிட்டு வா தம்பி."

விட்டுவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்தி, ஹீற்றரைப் போட்டபடி கொஞ்ச நேரம் கண்ணை மூடினேன். இந்தக் கிழமை எனக்குச் சூடாக இருந்த ஒரே இடம் கார்தான்.

ஜூலை 1, ஞாயிறு

சேர்ச்சில் பூசைக்குப் போனேன். பாதிப் பிரசங்கம் நித்திரை.

ஜெசி ஃபோன் எடுத்தாள். நுவரெலியாவை விடக் குளிரோ என்று கேட்டாள். அவள் நுவரெலியா போனதே இல்லை, நானும் போனதில்லை. அப்படித்தான் இருக்கும் என்றேன். பிள்ளைக்கு ஸ்வெற்றர் வாங்கிவிட்டாளாம். மன்னாரில் கம்பளிச் சட்டை தேடினவள் நீ ஒருத்திதான் என்றேன். சிரித்தாள்.

அனிற்றாவைக் கதைக்கச் சொன்னாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் இங்கே வரப் படகேறும்போது அவளுக்கு இரண்டு வயதும் ஆகவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கட்டில் வாங்கியிருக்கிறேன், ரோஸ் நிறம் என்று சொன்னேன். மூச்சுச் சத்தம். பிறகு ஃபோனை வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

வீடு சூடாகத்தானே இருக்கும் என்று ஜெ. கேட்டதற்கு ஓம் என்றேன்.

ஜூலை 4, புதன்

நல்ல செய்தி. எழுதக் கூடப் பயமாக இருக்கிறது.

நோபிள் பார்க்கில் ஒரு வீடு. செங்கல் வீடு, வாசலில் எலுமிச்சை மரம். டோனி என்ற மனிதன் விளம்பரம் போட்டிருந்தான், என்னை விடப் பத்து வயது கூட இருக்கும். இத்தாலிக்காரக் குடும்பம். வீடு விற்கப் போகிறதாம், முன்னறை ஏசியை மட்டும் தனியாகக் கொடுக்கிறான். கேட்ட விலை நான் கொடுக்கக்கூடிய விலை.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கையை உயர்த்திப் பிடித்தேன். சூடு. கையை எடுக்க மனமில்லை.

அதற்கு நேர் கீழே கதிரையில் ஒரு கிழவி. டோனியின் தாய், பெயர் ரோசா. முழங்காலில் ஒரு போர்வை. என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தார். கோப்பி குடிக்கிறாயா என்று கேட்டார். இந்த மெஷினைத் துடைக்க வருடா வருடம் வேறொரு பையன் வருகிறவன், நீ புதிதா என்றார்.

டோனி என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனான். அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லை, அடுத்த புதன் முதியோர் இல்லத்துக்குப் போகிறார், அவருக்கு இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே என்றான். சொல்லும்போது குழாயைத் திறந்து ஒரு சுத்தமான கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை வந்து கழற்றுவதாகப் பேச்சு. யோகன் அண்ணைக்கும் சனிதான் வசதி. சனி கழற்றி, ஞாயிறு பூட்டினால், செவ்வாய் அவர்கள் வரும்போது வீடு சூடு.

வரும் வழியில் திரைச்சீலை வாங்கினேன்.

கட்டிலில் படுத்த பிறகுதான் கணக்கு விளங்கியது. சனி கழற்றினால், புதன் வரைக்கும் அந்தக் கிழவிக்கு என்ன.

ஜூலை 6, வெள்ளி

மூடுபனி. அதைப் பற்றி நினைக்கவில்லை என்று எழுத முடியாது. மகன் இருக்கிறான், அவன் பார்ப்பான். வேறு ஹீற்றர் வைப்பான். என் வீட்டுக்கு வருகிறது என் பிள்ளை.

ஃபோர்க்லிஃப்ற்றில் ஒரு பெட்டியை இடித்துவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டுப் போனான்.

ஜூலை 7, சனி

நடந்ததை நடந்தபடி.

காலை யோகன் அண்ணையின் வான் வண்டியில் போனோம். மழை இல்லை, ஆனால் எலும்புக்குள் போகிற காற்று. டோனி வரவில்லை. தன் பிள்ளைக்கு உதைபந்தாட்டமாம், அம்மா கதவு திறப்பார், நீங்கள் கழற்றிக்கொண்டு போங்கள் என்று ஃபோனில் சொன்னான்.

ரோசா திறந்தார். என்னை ஞாபகம் இல்லை. துடைக்க வந்தவர்கள் என்று நினைத்துச் சந்தோசப்பட்டார். யோகன் அண்ணை வெளிப்பெட்டிப் பக்கம் போய்ச் சாமான்களை இறக்கத் தொடங்கினார். நான் வீட்டுக்குள் வேறு ஹீற்றர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். படுக்கை அறையில் இல்லை. குசினியில் இல்லை. நடையில் ஒரு பழைய காஸ் ஹீற்றர், எங்கள் வீட்டில் இருப்பது மாதிரியே, வயர் கழற்றிக் கிடந்தது.

கதிரையைத் தள்ளி வைக்க வேண்டும், கொஞ்சம் எழும்புவீர்களா என்று கேட்டேன். கையைப் பிடித்து எழுப்பினேன். கை சூடாக இருந்தது. இன்றைக்கு இரவுக்குள் திரும்ப வேலை செய்யுமா, இது இல்லாவிட்டால் தனக்கு நெஞ்சு அடைக்கும் என்று சொன்னார். மிகவும் மரியாதையாகக் கேட்டார், சிரமம் கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன், ஆனால் அவரைத் திரும்பக் கதிரையில் இருத்தினேன்.

வெளியே போய் யோகன் அண்ணையிடம் கழற்ற வேண்டாம் என்றேன். காஸ் அளக்கும் மானியை அவர் அப்போதுதான் பூட்டியிருந்தார். விசயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம்.

"அதை அந்த மனிசியின்ர மகன் யோசிக்க வேணும். உனக்குப் பிள்ளை வருகுதடா. இதை விட்டா எங்க போய் எடுப்பாய்?"

"தெரியாது அண்ணை."

"என்ர சனிக்கிழமையும் போச்சு."

"ஓம் அண்ணை."

சாமான்களை வானில் ஏற்றினார். கதவை அடித்துச் சாத்தினார். பிறகு இறங்கி, வெளிப்பெட்டியில் அடைந்திருந்த இலைகளைக் கையால் வழித்து எடுத்துவிட்டு, உள்ளே போய் வடிகட்டிகளைக் கழற்றிக் குசினியில் கழுவிப் பூட்டிக் கொடுத்தார். ரோசா எங்கள் இரண்டு பேருக்கும் கோப்பி போட்டுத் தந்தார். கசப்பு. குடித்தோம்.

டோனிக்கு எடுத்தேன். தாய் போன பிறகு, வியாழன் அல்லது அதற்குப் பிறகு எடுக்கிறேன் என்றேன். தன் குடும்ப விசயத்தில் தலையிட வேண்டாம், வாங்குவதற்கு வேறு ஆள் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது யோகன் அண்ணை, தன்னிடம் கரண்டில் சூடாகிற ஒரு எண்ணெய் ஹீற்றர் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றார்.

ஜூலை 10, செவ்வாய்

விமான நிலையம். மழை.

ஜெ. மெலிந்துவிட்டாள். அல்லது நான் மறந்துவிட்டேன். என் ஜக்கெற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அனிற்றா தாயின் பைக்குப் பின்னால். பச்சை ஸ்வெற்றர், முழங்கால் வரை தொங்குகிறது. தூக்கப் போனேன், கத்தினாள். விட்டுவிட்டேன்.

காரில் சூடு போட்டேன். இரண்டு பேரும் நித்திரை.

வீட்டுக்குள் வந்ததும் ஜெ. சப்பாத்தைக் கழற்றினாள், உடனே திரும்பப் போட்டாள். எண்ணெய் ஹீற்றரைப் படுக்கை அறையில் வைத்து, கதவுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, மூன்று பேரும் ஒரே கட்டிலில். ரோஸ் கட்டிலில் பெட்டிகள்.

ஜூலை 12, வியாழன்

அனிற்றாவுக்கு இருமல். மூக்கு ஓடுகிறது. என்னிடம் கதைப்பது இல்லை. ஏதும் வேண்டுமென்றால் தாயிடம், "அவரைத் தரச் சொல்லுங்கோ" என்கிறாள். நானும் அவளிடம் விருந்தாளியிடம் கதைக்கிற மாதிரித்தான் கதைக்கிறேன். பால் வேண்டுமா. ரீவி போடவா. அவள் எதைச் செய்தாலும் சரி சரி என்கிறேன்.

மாலை ஜெ. கேட்டாள். வீடு சூடு என்று சொன்னீர்களே. மறைக்க ஒன்றும் இல்லை. வெரிபீ, நோபிள் பார்க், கிழவி, எல்லாம் சொன்னேன். கதிரையில் குந்தி, கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மூண்டு வருசம் நாங்கள் உங்களுக்காகத்தானே இருந்தனாங்கள். ஒருக்கா எங்களை முதல்ல நினைச்சிருக்கலாம்."

கோப்பைகளைக் கழுவினேன். சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 13, வெள்ளி

விடியற்காலை வேலைக்கு வெளிக்கிட்டபோது ஜெ. எழும்பி வந்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் அங்க நிண்டிருந்தாலும் அந்த மனிசியை விட்டிட்டுக் கழட்டியிருக்க மாட்டன். அதுக்காக எனக்குக் குளிராம இல்லை."

"ஓம்."

"போட்டு வாங்கோ."

நாள் முழுக்க அதுவே காதுக்குள்.

பின்னேரம் டோனியின் அழைப்பு. ஏச எடுக்கிறான் என்று நினைத்தேன். தாய் முந்தநாள்தான் இல்லத்துக்குப் போனாராம். மெஷின் இன்னும் சுவரில்தான் இருக்கிறதாம். வேண்டுமென்றால் ஞாயிறு வா என்றான்.

யோகன் அண்ணையைக் கேட்க வாய் கூசியது. கேட்டேன். பெருமூச்சு விட்டார். "எத்தினை மணிக்கு?" என்றார்.

ஜூலை 15, ஞாயிறு

முதுகு முறிந்துவிட்டது. பூசைக்குப் போகவில்லை.

கதிரை இல்லை. அதையும் தாயோடு அனுப்பிவிட்டார்களாம். முன்னறையில் நாங்கள் கதைப்பது எதிரொலித்தது. டோனி தானே வெளிப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். யோகன் அண்ணை குழாய் வாய்களை ஒவ்வொன்றாக மூடி ரேப் சுற்றினார். விலையில் பாதியைத்தான் எடுத்தான் டோனி. மற்றதைத் திரும்ப என் ஜக்கெற் பையில் திணித்தான். நான் வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை.

கேற்றடியில் நின்று சொன்னான். அந்தச் சனிக்கிழமை மாலை வந்து தாயோடு இருந்தானாம். அன்றைக்குத்தான் இல்லத்தைப் பற்றிச் சொன்னானாம். தாய் சண்டை பிடிக்கவில்லையாம். போகிற இடம் சூடாக இருக்குமா என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பிறகு தாய் போகும் வரைக்கும் அவன் தன் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே, அந்த முன்னறையில் படுத்திருக்கிறான்.

இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கை கொடுத்தேன்.

யோகன் அண்ணை சுவரில் துளை போட்டார், நீட்டாக. மின்சார வேலைக்குத் தன் கூட்டாளி ஒருவரையும் கூட்டிவந்திருந்தார். ஜெ. நண்டுக் குழம்பு வைத்தாள். இருட்டும் நேரம் மெஷினைப் போட்டோம். முதலில் தூசி மணம். பிறகு சூடு. ஜெ. அதற்குக் கீழே நின்று, தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். யோகன் அண்ணை இரண்டு முறை சோறு வாங்கினார். அனிற்றா தூரத்தில் நின்று மெஷினையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

ஜூலை 18, புதன்

உறைபனி. புல் முழுக்க வெள்ளை, கார்க் கண்ணாடியில் ஒரு தடிப்பு. எனக்கு இன்று மத்தியான வேலை. இரண்டு நாள் வீடு சூடாக இருந்ததில் உடம்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது. பிள்ளையின் இருமலும் குறைவு.

விடிந்து கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. ஜெ. குசினியில் இருந்து வந்து அண்ணாந்து பார்த்தாள். "நிண்டிட்டுது," என்றாள். திரும்பக் குசினிக்குப் போனாள்.

பின்கதவைத் திறந்து வெளியே போனேன். வெளிப்பெட்டி எங்கள் களஞ்சியத்துச் சுவர் மாதிரி வெள்ளையாக உறைந்து கிடந்தது. காற்றாடி அசையவில்லை. அவ்வளவுதான், போய்விட்டது என்று நினைத்தேன். இத்தனை பேரை அலைக்கழித்து, கடைசியில் இது. படியில் இருந்துவிட்டேன். யோகன் அண்ணைக்கு எடுத்தேன், நித்திரைக் குரல்.

"ஒண்டையும் தொடாத. மேல பிடிச்ச ஐஸைத் தானே கரைக்குது. கரைஞ்சதும் திரும்ப ஓடும். ஃபோனை வை, நான் படுக்க வேணும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளுக்குள் ஏதோ ஒரு சத்தம் மாறியது. பெட்டிக்குக் கீழே சொட்டு, பிறகு தண்ணீர். பிறகு நாலு பக்கமும் ஆவி, கேத்தல் கொதிக்கிற மாதிரி. ஆவி வேலிக்கு மேலால் போனது. காற்றாடி ஒரு முறை அசைந்து, சுற்றத் தொடங்கியது.

திரும்பினால் எனக்குப் பின்னால் அனிற்றா. உறைபனிப் புல்லில், வெறுங்காலோடு, வாயைத் திறந்து ஆவியைப் பார்த்தபடி.

"செருப்பில்லாம ஏன் வந்தனீ? இப்பதானே இருமல் விட்டது. போ உள்ள."

கத்திவிட்டேன். வந்த நாளில் இருந்து அவளிடம் ஒரு சொல் உயர்த்திப் பேசவில்லை. அவள் முகம் கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. திரும்பி ஓடினாள், நனைந்த கால் படியில் பட்டுப் பட்டென்று. குசினிக்குள் இருந்து அவள் குரல் கேட்டது.

"அம்மா, அப்பா என்னை ஏசிப்போட்டார்."

"செருப்புப் போடாட்டி ஏசுவார்தானே," என்றாள் ஜெ.